குழந்தையைக் காணாத குழந்தை உளவியல்

கல்வி உளவியலிலோ குழந்தை உளவியலிலோ முனைவர் பட்டம் பெற விரும்புபவர், ஒரு குழந்தையோடு மேற்பார்வையின்கீழ் ஒரு மணி நேரமேனும் பணியாற்றியிருக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகள் கோரவில்லை. நம் துறையினர் அனைவரும் இதை அறிவர். அறிந்தும் அது வெட்கத்துக்குரிய செய்தியாக எவருக்கும் தோன்றாதிருப்பதே என்னை எழுதத் தூண்டுகிறது.

2022 நவம்பரில் வெளியான முனைவர் பட்ட நெறிமுறைகள் கோருபவை எளியவை: குறைந்தது 3 ஆண்டுகள், 12 மதிப்பலகுக்குக் குறையாத பாடநெறி, அதனுள் ஆய்வு மற்றும் பதிப்பு நெறிகள் பற்றிய ஒரு தாள், பருவந்தோறும் ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் ஓர் அறிக்கை, முடிவில் ஆய்வேடும் வாய்மொழித் தேர்வும். எத்துறை ஆய்வாளராயினும் கற்பித்தலில் பயிற்சி பெற வேண்டும் என்றும் உள்ளது, நல்லதே. ஆனால் பாறைப் படிவுகளை ஆராய்பவருக்கும் 9 வயதுக் குழந்தையின் அச்சத்தை ஆராய்பவருக்கும் விதி ஒன்றேயாக இருக்கிறது. பாறைக்கு அதனால் தீங்கில்லை.

இந்த இடைவெளியில் வளர்ந்திருக்கும் வழக்கத்தைச் சொல்கிறேன். அயல்நாட்டு அளவுகோல் ஒன்றைத் தேர்ந்து, மொழிபெயர்த்து, மீள்மொழிபெயர்த்து, 3 பள்ளிகளில் தலைமையாசிரியரின் இசைவு பெற்று, உடற்பயிற்சிப் பாடவேளையில் 300 மாணவரை அமர்த்தி வினாநிரலை நிரப்பச் செய்கிறோம். பின்னர் எஸ்.பி.எஸ்.எஸ். மென்பொருள் நமக்காக உழைக்கிறது. தன்மதிப்புக்கும் தேர்வு அச்சத்துக்கும் எதிர்மறை உறவு உண்டு என்று கண்டறிகிறோம். (இவ்வுறவு இதுகாறும் எத்தனை முறை கண்டறியப்பட்டுள்ளது என்பதே தனி ஆய்வேட்டுக்குரிய பொருள்.) அந்த 300 பேரில் ஒருவரின் பெயரும் நமக்குத் தெரியாது, தெரியாதிருப்பதே நெறி என்றும் கற்பிக்கப்பட்டிருக்கிறோம்.

அதே வினாநிரலில் ‘நான் இல்லாமற் போனால் யாருக்கும் இழப்பில்லை’ என்பது போன்ற ஒரு கூற்று இருக்கும். அதற்கு நேராக ‘எப்போதும்’ என்று ஒரு சிறுமி குறியிடுகிறாள். அந்தத் தாள் ஆய்வாளரின் பையில் இரண்டு வாரங்கள் கிடக்கும். பின்பு 5 என்ற எண்ணாகக் கணினிக்குள் ஏறும். அன்று மாலையே யாரிடம் பேச வேண்டும், பெற்றோரிடம் எதைச் சொல்லலாம், எதைச் சொன்னால் வீட்டில் அவளுக்கு அடி விழும், பள்ளி ‘எங்களுக்கு இது வேண்டாம்’ என்று கைவிரித்தால் அடுத்த படி என்ன? இவற்றைச் செயலில் காட்டிக்கொடுத்த நெறியாளர் நம்மில் எத்தனை பேருக்கு வாய்த்தார்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள் 7 வயது நிறைந்த குழந்தையிடம் அதன் சொந்த ஒப்புதலையும் பெறச் சொல்கின்றன. நெறிமுறைக் குழுக்களும் அந்தப் படிவத்தைத் தவறாமல் கேட்கின்றன. ஒப்புதல் தந்த குழந்தை உண்மையைச் சொல்லிவிட்டால் அதைக் கேட்கத் தெரிந்தவர் அங்கே இருப்பாரா என்று கேட்பது அரிது.

‘முனைவர் பட்டம் ஆய்வுப் பயிற்சி, தொழிற்பயிற்சி அன்று. இரண்டையும் குழப்பாதீர்’ என்பது மூத்த பேராசிரியர்களின் வழக்கமான மறுமொழி. அந்த வேறுபாட்டைப் பிறரும் பேணினால் நானும் ஒப்புவேன். பள்ளி ஆலோசகராகப் போகும் முதுகலை மாணவருக்கு மதிப்பீடும் ஆற்றுப்படுத்தலும் கற்பிப்பவர் யார்? பெரும்பாலும் இதே முனைவர்கள். ஆய்வுக்காக மட்டும் பயின்றவரைத் தொழிலுக்கு ஆசானாக அமர்த்திவிட்டு, அவர் பட்டம் தொழிலைச் சாராதது என்பது வாதமாகாது. 2018 சனவரியில் நடுவண் அரசு வெளியிட்ட குறைபாட்டுச் சான்றளிப்பு வழிகாட்டுதல்களைப் பாருங்கள்: கற்றல் குறைபாட்டைச் சான்றளிக்கும் முறையில், நுண்ணறிவுச் சோதனையைக் குழந்தை உளவியலாளரோ மருத்துவ உளவியலாளரோ செய்யலாம் என்கிறது. மருத்துவ உளவியலாளர் யார் என்பதை 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் வரையறுக்கிறது. இந்திய மறுவாழ்வு மன்றம் பதிவேடு வைத்திருக்கிறது. குழந்தை உளவியலாளர் யார்? அப்படியொரு பிரிவு அந்தப் பதிவேட்டில் இல்லை. பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டவரே அவர்.

அதே வழிகாட்டுதல் பெயர் சுட்டும் சோதனைகளுள் ஒன்று, 1960களில் நாக்பூரில் மாலின் இந்தியச் சிறாருக்காகத் தகவமைத்த நுண்ணறிவு அளவுகோல். அரை நூற்றாண்டுக்கு முந்தைய சிறுவர்களின் சராசரியோடு இன்றைய சிறுமி ஒப்பிடப்படுகிறாள். அந்த எண் 85-ஐத் தாண்டினால்தான் அவளுக்கு அடுத்த படி. தேர்வில் கூடுதல் நேரமும் எழுத்தர் உதவியும் கிடைக்குமா என்பதெல்லாம் இந்த வாசலைக் கடந்த பிறகே.

எழுத்துமுறை பற்றிய சிக்கல் இதனினும் ஆழமானது. தமிழும் கன்னடமும் இந்தியும் ஒலிக்குறிக்கு ஓரெழுத்து என்ற ஆங்கில ஒழுங்கில் இயங்குபவை அல்ல. மெய்யும் உயிரும் சேர்ந்த வடிவமே குழந்தையின் கண்ணுக்கு முதலில் தெரிவது. கன்னடச் சிறார் எழுத்துகளைக் கற்று முடிக்க முதல் வகுப்புக்குப் பின்னும் சில ஆண்டுகள் ஆகின்றன என்பதை சோனாலி நாக்கின் ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே 3ஆம் வகுப்பில் ஒரு கன்னடக் குழந்தை அரிய கூட்டெழுத்தில் தடுமாறினால் அது குறைபாடா, இயல்பான வளர்ச்சியா என்று பிரித்தறிய அந்த மொழியில் நூற்றுக்கணக்கான குழந்தைகள் வாசிப்பதைச் செவிமடுத்திருக்க வேண்டும். தேசிய மூளை ஆராய்ச்சி மையம் இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் ஆகியவற்றுக்கு ‘டாலி’ என்ற டிஸ்லெக்சியா மதிப்பீட்டுக் கருவியை உருவாக்கியதே, இந்த வேலை செய்யத்தக்கது என்பதற்குச் சான்று. சந்தாலியிலும் துளுவிலும் பேசி, வேறொரு மொழியில் முதன்முதலாக எழுத்தைச் சந்திக்கும் குழந்தைக்கு என்ன கருவி? உண்மையான முனைவர் பட்ட ஆய்வுப் பொருள் இங்கேதான் கிடக்கிறது. இதைக் களப்பயிற்சி இல்லாதவர் செய்ய முடியாது. தொழிலும் ஆய்வும் வெவ்வேறு என்று பிரித்தவர்கள் இழந்தது தொழிலை மட்டுமன்று.

மருத்துவ உளவியலின் ஆய்வியல் நிறைஞர் பட்டம் இந்தக் குறையை ஓரளவு மறைத்து வந்தது. 2 ஆண்டு முழுநேர மேற்பார்வைப் பயிற்சி அதன் உயிர். 2022 நெறிமுறைகள் அப்பட்டத்தையே நிறுத்தின. எதிர்ப்புக்குப் பின் மருத்துவ உளவியலுக்கு 2025-26 வரை காலநீட்டிப்பு வந்தது. அதன் இடத்தை எது நிரப்பும் என்ற விவாதத்தில் மருத்துவமனையின் குரல் கேட்டது. பள்ளியின் குரல் கேட்கவில்லை. மருத்துவமனையில் பயின்றவர் நோயைக் காண்பார். வகுப்பறையின் பின்வரிசையையும், ஆசிரியரின் கேலியையும், சத்துணவுக்குப் பின் காணாமற்போகும் மாணவனையும் காண வேறு பயிற்சி வேண்டும்.

இங்கிலாந்தில் 2006 முதல் கல்வி உளவியலாளராக 3 ஆண்டு முனைவர் நிலைப் பயிற்சி தேவை. பயிற்சிக் காலத்தின் பெரும்பகுதி பள்ளிகளிலும் உள்ளாட்சி அமைப்புகளிலும் கழிகிறது. அப்பெயரைப் பதிவு பெறாதவர் சூட்டிக்கொள்வது குற்றம். அதை அப்படியே இறக்குமதி செய்யச் சொல்லவில்லை. அங்கும் ஆள் பற்றாக்குறை உண்டு; காத்திருக்கும் பெற்றோர் அதை நன்கறிவர். நான் எடுத்துக்கொள்வது ஒன்றே: ஆய்வேடும் களப்பணியும் ஒரே பட்டத்துக்குள் ஒருவரை உருவாக்கக் கூடும் என்பது.

‘ஏழை நாடு, 14 லட்சத்துக்கு மேற்பட்ட பள்ளிகள்’ என்பார்கள். அத்தனை பள்ளிக்கும் முனைவர் வேண்டும் என்று யார் கேட்டார்? 2025 சூலையில் உச்ச நீதிமன்றம் 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவருள்ள கல்வி நிறுவனங்களில் தகுதியுள்ள ஆலோசகரையோ உளவியலாளரையோ சமூகப் பணியாளரையோ அமர்த்தச் சொன்னது. அந்தப் பல்லாயிரம் பேரைப் பயிற்றுவிக்கும் சில நூறு பேரைப் பற்றியே பேசுகிறேன். செலவும் புதிதன்று. இளநிலை ஆய்வு உதவித்தொகையாக மாதம் 37,000 ரூபாய் ஏற்கெனவே தரப்படுகிறது. பல வளாகங்களுக்குள்ளேயே ஒரு கேந்திரிய வித்யாலயா இருக்கிறது. மதிலுக்கு வெளியே அரசுப் பள்ளி இருக்கிறது. வாரம் இரண்டு நாள், இரண்டு ஆண்டுகள், ஒவ்வொரு குழந்தையைப் பற்றியும் எழுதிய குறிப்பைப் படித்துத் திருத்த ஓர் அனுபவசாலி. அந்த அனுபவசாலி துறைக்குள் இல்லை என்பதுதான் உண்மையான தடை. அதை நிதியின் தலையில் கட்டுகிறோம். இருபது ஆண்டு சிறப்பாசிரியராக இருந்தவரை, முனைவர் பட்டம் இல்லை என்பதற்காகத் துறையின் வாசலுக்கு வெளியே நிறுத்தியிருப்பவர்களும் நாமே.

சக ஆய்வாளர்களே, அடுத்த பருவ ஆலோசனைக் குழுக் கூட்டம் எப்படியும் வரும். உங்கள் தரவுச் சேகரிப்புத் திட்டத்தை முன்வைக்கும்போது, ‘இக்குழந்தைகளுள் ஒருவர் ஆபத்தில் இருப்பதாகத் தெரிந்தால் அன்றே நான் அழைக்க வேண்டியவர் யார்?’ என்று கேளுங்கள். ஒரு பெயரும் தொலைபேசி எண்ணும் நடவடிக்கைக் குறிப்பில் எழுதப்படும் வரை வினாநிரலை அச்சுக்கு அனுப்பாதீர்கள்.