வரியைக் குறைங்க, கால்வாயைத் தூர்வாருங்க: கருங்குழி பேரூராட்சியில் இந்தக் கணக்கை யார் கட்டுவது?

எந்தப் பேரூராட்சி மன்றக் கூட்டச் செய்தியை எடுத்தாலும் இரண்டு குரல் இருக்கும். ஒன்று, "எங்க வார்டுல கால்வாய் அடைச்சுக் கிடக்கு, தெருவிளக்கு எரியல." இன்னொன்று, "சொத்து வரி அதிகம், அரசு குறைக்கணும்." பல நேரம் இரண்டையும் பேசுவது ஒரே கவுன்சிலர்தான். அதில் தப்பு எதுவும் இல்லை, ரெண்டுமே மக்கள் கேட்பதுதான். ஆனால் இந்த இரண்டு கோரிக்கைக்கும் நடுவில் ஒரு கணக்கு இருக்கிறது. அதை யாரும் பேசுவதில்லை.

செங்கல்பட்டு மாவட்டம் கருங்குழியையே எடுத்துக்கொள்வோம். (வள்ளலார் வாழ்ந்த கருங்குழி வடலூர் பக்கம். இது மதுராந்தகத்துக்கு முன்னால் வரும் ஊர்.) ஜி.எஸ்.டி. என்றால் இங்கே முதலில் ஞாபகம் வருவது சாலை, அப்புறம்தான் வரி. பெரிய தொழிற்சாலையோ மால்களோ நிறைந்த மாநகராட்சி இல்லை, பேரூராட்சி. இப்படிப்பட்ட ஊர்களில் உள்ளாட்சியின் சொந்தக் கைக்காசு என்றால் முக்கியமாகச் சொத்து வரி, குடிநீர்க் கட்டணம், தொழில் வரி, கொஞ்சம் கடை வாடகை. அவ்வளவுதான்.

"அதான் மத்திய, மாநில அரசு மானியம் வருதே?" வருகிறது. ஆனால் நிபந்தனையோடு வருகிறது. 2021-26 காலத்துக்கு 15-வது நிதிக்குழு, பத்து லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை உள்ள நகரங்களுக்குப் பரிந்துரைத்த மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று ஒதுக்கப்பட்டது. மீதி 40 சதவீதத்தை உள்ளூர்த் தேவைக்குச் செலவழிக்கலாம், ஆனால் சம்பளத்துக்குத் தொடக் கூடாது. புதுசா கால்வாய் கட்டத் திட்ட நிதி கிடைக்கும். அதே கால்வாயை வருஷா வருஷம் தூர்வார ஆள் கூலி, தெருவிளக்கு கரன்ட் பில், குடிநீர் மோட்டார் காயில் எரிந்துபோனால் ரிப்பேர் எல்லாம் பெரும்பாலும் பொது நிதியில் இருந்துதான் போகணும். திறப்பு விழா வைக்க முடியாத வேலைகளுக்குத்தான் உள்ளூர் வரி.

இப்போது வரிச் சலுகைக் கதைக்கு வருவோம். கொஞ்சம் சுவாரசியமானது.

சென்னையில் 1998-லும் மற்ற உள்ளாட்சிகளில் 2008-லும் நடந்ததற்குப் பிறகு சொத்து வரியில் பொதுச் சீராய்வே நடக்கவில்லை. 2018 ஜூலையில் அப்போதைய அ.தி.மு.க. அரசு ஒரேயடியாக உயர்த்தியது: வீடுகளுக்கு 50 சதவீதம் வரை, வணிகக் கட்டடங்களுக்கு 100 சதவீதம் வரை. எதிர்ப்பு கிளம்பியது. 2019 நவம்பரில், உள்ளாட்சித் தேர்தல் பேச்சு சூடாக இருந்த நேரத்தில், அதே அரசு உயர்வை நிறுத்தி வைத்தது. ஏற்கெனவே கூடுதலாகக் கட்டியவர்களுக்கு அடுத்தடுத்த அரையாண்டு வரியில் கழித்துக்கொள்ளப்படும் என்றது. மக்களுக்கு நிம்மதி. ஆனால் கழித்துக்கொண்டது யாருடைய கல்லாவில்? கோட்டையில் அறிவிப்பு, உள்ளாட்சியில் வரவுக் குறைவு.

தள்ளிப்போட்ட சுமை திரும்பி வந்தது. சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதத்தை அறிவித்தால்தான் 2022-23 முதல் நகர்ப்புற மானியம் என்று 15-வது நிதிக்குழு நிபந்தனை போட்டிருந்தது. 2022 பிப்ரவரி 19-ல் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் முடிந்தது. ஏப்ரல் 1 முதல் தி.மு.க. அரசின் புது உயர்வு. பேரூராட்சிகளில் 600 சதுர அடி வரையிலான வீட்டுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம். தேர்தலுக்கு முன்னால் சலுகை, முடிந்ததும் உயர்வு. இதில் எந்தக் கட்சிக்கும் விதிவிலக்கு இல்லை.

எடுத்துக்காட்டுக்கு ஒரு கணக்கு. 1,000 சதுர அடி வீடு, ஆண்டு வரி 800 ரூபாய் என்று வைப்போம். 50 சதவீத உயர்வில் அது 1,200. உங்களுக்கு மாசம் 33 ரூபாய்தான் கூடுது, ஒரு ரீசார்ஜ் அளவுகூட இல்லை. ஆனால் இப்படி ஆயிரம் வீடு இருக்கிற ஊரில் அந்த உயர்வை ரத்து செய்தால் ஆண்டுக்கு 4 லட்சம் போச்சு. சின்ன ஊருக்கு அது சில தெருக்களின் பராமரிப்பு.

வெளிநாட்டில் இதைப் பெரிய அளவில் செய்து பார்த்திருக்கிறார்கள். கலிஃபோர்னியாவில் 1978-ல் மக்கள் வாக்கெடுப்பு நடத்தி, சொத்து வரிக்கு மதிப்பில் 1 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்தார்கள். வீட்டுக்காரர்களுக்குக் கொண்டாட்டம். நகரங்களும் பள்ளிகளும் மாநில அரசின் பணத்தை இன்னும் அதிகமாக நம்ப வேண்டியதாகிப்போனது.

அப்படியானால் சலுகையே வேண்டாமா? அப்படிச் சொல்லவில்லை. ஓய்வூதியத்தில் வாழும் பாட்டிக்கும், வாடகைக்கு விட நாலு வீடு கட்டியவருக்கும் ஒரே விதமான சலுகை கொடுப்பதுதான் பிரச்சினை. நமது பார்வையில், மாநில அரசு உள்ளூர் வரியில் சலுகை அறிவித்தால், இழப்பை ஈடுகட்டும் தொகையையும் அதே ஆணையில் எழுத வேண்டும். வரியைக் குறைக்கக் கேட்டு மன்றத்தில் தீர்மானம் போடும் கவுன்சிலர்களும் "ஈடுதொகையோடு" என்ற ஒரு வார்த்தையைச் சேர்க்கணும். அது இல்லாத தீர்மானத்துக்குக் கைதட்ட எதுவும் இல்லை.

நாமும் கேட்கலாம். செயல் அலுவலரிடம் கேட்க வேண்டியது இரண்டு எண்கள்தான்: போன நிதியாண்டில் வசூலிக்க வேண்டிய சொத்து வரி எவ்வளவு, வசூலானது எவ்வளவு? வாய்மொழியாகப் பதில் வரவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி மனு போடலாம். பெரிய கட்டடங்களின் பாக்கி அதிகமாக இருந்தால், சின்ன வீடுகளின் விகிதத்தைத் தொடாமலேயே தூர்வாரப் பணம் கிடைக்கலாம்.

2022-ல் வந்த மன்றங்களின் ஐந்தாண்டு பதவிக்காலம் 2027 தொடக்கத்தோடு முடிகிறது. அடுத்த தேர்தல் நெருங்கும்போது மறுபடி ஒரு சலுகை அறிவிப்பு வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். வந்தால் முதலில் அதில் ஈடுதொகை வரி இருக்கிறதா என்று தேடுங்கள்.

ஒரு கூடுதல் தகவல்: இரண்டாம் அரையாண்டு அக்டோபர் 1-ல் தொடங்குகிறது. முதல் மாதத்திலேயே கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதும் அதே மாதம்தான்.