ரிவ்யூ வேண்டாம் என்பவர்களுக்கு

திருநின்றவூரிலிருந்து சென்ட்ரல் போகும் காலை மின்சார ரயிலில் ஒரு காலத்தில் ஆவடி டாங்க் ஃபேக்டரி பேச்சும் அம்பத்தூர் எஸ்டேட் பேச்சும்தான் கேட்கும். இப்போது அதே பெட்டியில் ஸ்பிரின்ட், ரிலீஸ், டெட்லைன். 2024 நவம்பரில் பட்டாபிராமில் டைடல் பார்க் திறந்த பிறகு இந்தப் பேச்சுக்காரர்களில் சிலர் இரண்டாவது ஸ்டேஷனிலேயே இறங்கியும் விடுகிறார்கள். அவர்கள் வாயில் அடிக்கடி வரும் வாக்கியம் ஒன்று உண்டு: “கோட் ரிவ்யூவெல்லாம் சும்மா ஃபார்மாலிட்டிப்பா. டைம்தான் வேஸ்ட்.”

இதைச் சொல்பவர்கள் சோம்பேறிகள் அல்ல. பல டீம்களில் ரிவ்யூ நடக்கும் லட்சணத்தைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் சொல்லத் தோன்றும். இரண்டாயிரம் வரி புல் ரிக்வெஸ்ட் இரவில் வரும். இரண்டே நிமிடத்தில் அப்ரூவ் ஆகிவிடும். பன்னிரண்டு வரி வந்தால் மட்டும் வேரியபிள் பேர் சரியில்லை, ஸ்பேஸ் கூடிப்போச்சு என்று கமென்ட் மேல் கமென்ட். குறை உண்மைதான். அதற்காக ரிவ்யூவையே தூக்கிவிடலாம் என்கிறார்களே, அதைத்தான் ஏற்க முடியவில்லை.

நேரம் வீணாகிறது என்கிறார்கள். எந்த நேரம்? படிக்கும் நேரமா, படிக்க ஆள் கிடைக்காமல் புல் ரிக்வெஸ்ட் காத்துக் கிடக்கும் நேரமா? பெரும்பாலும் பின்னதுதான். இரண்டு வாரம் தனியாக எழுதிச் சேர்த்ததை ஸ்பிரின்ட் முடியும் நாளில் கொண்டுவந்து கொட்டினால் அதை யார் தொடுவார்? கூகுளில் ரிவ்யூ எப்படி நடக்கிறது என்று 2018இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. அங்கே ரிவ்யூவுக்கு வரும் மாற்றங்களில் பாதி 24 வரிக்குள் அடங்கிவிடுகின்றன. பெரும்பாலானவற்றைப் பார்ப்பது ஒரே ஒருவர். பாதி ரிவ்யூக்கள் நான்கு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகின்றன. “கூகுளுக்கு ஆள் பலம் இருக்கு சார்” என்பார்கள். வேலையைச் சின்னதாக நறுக்கிக் கொடுக்க ஆள் பலம் எதற்கு?

“ரிவ்யூவில் பக் மாட்டுவதே இல்லை, பின்னே எதற்கு?” என்பது கொஞ்சம் கனமான வாதம். ஆய்வுகளும் அவர்கள் பக்கம் நிற்பதுபோலத் தோன்றும். மான்டுலா, லாசெனியஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2009இல் சொன்னது: ரிவ்யூவில் அகப்படும் குறைகளில் ஏறக்குறைய முக்கால் பங்கு, புரோகிராம் தப்பாக ஓடுவதைப் பற்றியவை அல்ல, நாளைக்கு இந்தக் கோடைத் திருத்துகிறவர் படப்போகும் பாட்டைப் பற்றியவை. மைக்ரோசாஃப்டில் பாக்கெல்லியும் பேர்டும் செய்த ஆய்வு 2013இல் வந்தது. ரிவ்யூ எதற்கு என்று கேட்டால் பக் பிடிக்க என்றுதான் அங்குள்ளவர்களும் சொன்னார்கள். உண்மையில் கிடைத்த பலன், எதிர்பார்த்த அளவுக்குப் பக்குகள் அல்ல. கோட் பற்றிய அறிவு ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போவதுதான்.

இதை நம்மவர்கள் தோல்வியாகப் படிக்கிறார்கள். எனக்கு இதுவே ரிவ்யூவின் முழு நியாயம். பில்லிங் மாட்யூல் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும் என்ற டீமில், அவர் பேப்பர் போட்ட அன்று மேனேஜர் முகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? அதன் பிறகு நோட்டீஸ் பீரியட் முழுக்க கே.டி. (நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர்) என்ற பெயரில் மீட்டிங், ரெக்கார்டிங், யாரும் திறந்து பார்க்காத டாக்குமென்ட். ஒழுங்காக ரிவ்யூ நடந்த டீமில் அந்த கே.டி. தினமும் கால் மணி நேரமாக நடந்து முடிந்திருக்கும்.

பக் விஷயத்திலேயே கூட இவர்கள் அவசரப்படுகிறார்கள். ஹார்ட்பிளீட் ஞாபகம் இருக்கிறதா? ஓப்பன்எஸ்எஸ்எல்லில் 2011 டிசம்பர் 31 அன்று சேர்க்கப்பட்ட கோட் அது. அனுப்பியவர் சொல்லும் நீளம் உண்மைதானா என்று சரிபார்க்க விட்டுப்போயிற்று. அதனால் சர்வரின் மெமரியிலிருந்து ஒரு தடவைக்கு 64 கிலோபைட் வரை யார் வேண்டுமானாலும் உருவ முடிந்தது. ரிவ்யூ செய்தவர் கண்ணிலும் அது படவில்லை. ரிவ்யூ பயனற்றது என்பதற்கு இதைத்தான் சாட்சிக்கு இழுப்பார்கள். 2014இல் அதைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் கூகுளின் நீல் மேத்தா. அந்தக் கோடை உட்கார்ந்து பொறுமையாகப் படித்துத்தான் கண்டுபிடித்தார். அதே சமயத்தில் பின்லாந்தின் கோடனோமிகான் கம்பெனியும் தனியாகக் கண்டுபிடித்தது. ஒருவர் படித்துத் தவறவிட்டதை இன்னொருவர் படித்துப் பிடித்தார். இதிலிருந்து படிக்கவே வேண்டாம் என்ற முடிவுக்கு எப்படி வருகிறார்கள்?

படித்தால் புரியவில்லை என்றும் ஒரு புகார் உண்டு. அதில் பாதிப் பழி எழுதியவருக்கு. எங்கள் திருநின்றவூர்ப் பூசலார் மனதுக்குள்ளேயே கல் கல்லாகக் கோவில் கட்டிக் குடமுழுக்குக்கு நாளும் குறித்தார் என்பது பெரியபுராணக் கதை. தேடி வந்த பல்லவ மன்னனுக்கு ஊர்க்காரர்களால் அந்தக் கோவிலைக் காட்ட முடியவில்லை. கடைசியில் பூசலாரையே கேட்க வேண்டியிருந்தது. இறைவனுக்கு அது தெரியும், சரி. புல் ரிக்வெஸ்டில் “பக் ஃபிக்ஸ்” என்று இரண்டே வார்த்தை எழுதிவிட்டுப் போகிறவரின் மனக்கோவிலைச் சக டெவலப்பர் எங்கே போய்ப் பார்ப்பார்? என்ன பிரச்சினை, ஏன் இந்த வழி, வேறு எந்த வழியை ஏன் விட்டேன் என்று நாலு வரி எழுதினால் போதும். எழுதும்போதே பாதித் தப்பு எழுதியவருக்கே தெரிந்துவிடும்.

“டெஸ்ட் எழுதியாச்சு, எல்லாம் பச்சை” என்கிறவர்களுக்கு ஒரு சம்பவம் சொல்ல வேண்டும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ஃபேக்டரிக்காக எங்கள் டீம் ஒரு ரிப்போர்ட் செய்தது: எந்த லைனில் அன்றைக்கு எத்தனை பீஸ் ஓடியது என்ற கணக்கு. தேதியை வைத்துக் கூட்டும் ஒரு க்வெரி, அவ்வளவுதான். எழுதியவர் அனுபவசாலி, டெஸ்ட்களும் பக்காவாக எழுதியிருந்தார். ரிவ்யூ போனது புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணிடம். அவர் போட்ட கமென்ட்: “அண்ணா, சி ஷிஃப்ட் நைட் ஆரம்பிச்சு மறுநாள் காலைலதானே முடியும்? பன்னிரண்டு மணிக்கு மேல ஓடுற பீஸ் எந்த நாள் கணக்குல வரும்?”

அவருடைய அப்பா சிப்காட்டில் வருஷக்கணக்காக ஷிஃப்ட் பார்த்தவர். ஃபேக்டரிக்கு நாள் என்பது ஏ ஷிஃப்டில் தொடங்கி சி ஷிஃப்டில் முடிகிறது. க்வெரிக்கோ நள்ளிரவில் நாள் மாறிவிடுகிறது. ஒரே ஷிஃப்டின் உற்பத்தி இரண்டு நாளுக்குப் பிரிந்து, இரண்டு நாள் கணக்கும் உதைத்திருக்கும். டெஸ்ட் ஏன் பிடிக்கவில்லை? நள்ளிரவில் நாள் மாறும் என்று நம்பியவரேதான் டெஸ்டையும் எழுதினார். தனக்குத் தோன்றாத கேள்வியை யாரும் டெஸ்டாக எழுத முடியாது.

இதே குறை பெரிய இடத்திலும் நடந்தது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் அனுப்பிய அப்டேட்டில் சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் விழுந்தன; நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். காரணத்தைக் கம்பெனியே பிறகு விளக்கியது. ஒரு பக்கம் 21 இன்புட் வேண்டும் என்று வரையறுத்திருக்கிறார்கள். கொடுக்க வேண்டிய கோட் கொடுத்தது 20. டெஸ்ட்களில் அந்த 21ஆவது இடத்தில் ‘எது வந்தாலும் சரி’ என்று வைத்திருந்ததால் எல்லாம் பாஸ்.

சீனியர்தான் ரிவ்யூ செய்ய வேண்டும், ஃபிரெஷருக்கு என்ன தெரியும் என்பவர்களுக்கு சி ஷிஃப்ட் கமென்ட்டே பதில். இதில் நம் ஊர்ப் பழக்கம் ஒன்று வேறு குறுக்கே நிற்கிறது. லீடின் கோடில் யாரும் வாய் திறப்பதில்லை. “அண்ணா எழுதினா சரியாத்தான் இருக்கும்” என்று அப்ரூவ் பட்டனைத் தட்டிவிடுகிறார்கள். கீழே இருப்பவர் கோடில் கமென்ட் அதிகம் வந்தாலோ, அதை எண்ணி அப்ரைசலில் காட்டும் மேனேஜர்களும் உண்டு. கோட் ரிவ்யூவை முதன்முதலாக ஒரு முறையாக வகுத்து 1976இல் எழுதியவர் ஐபிஎம்மின் மைக்கேல் ஃபேகன். வன்பொருள் உற்பத்திப் பக்கத்திலிருந்து மென்பொருளுக்கு வந்தவர்; அம்பத்தூர் எஸ்டேட்டில் செட்டிங் மாற்றியதும் முதல் பீஸை இன்ஸ்பெக்‌ஷனுக்கு அனுப்புவார்களே, அந்தத் தர ஆய்வு மரபில் வந்த மனிதர். ரிவ்யூவில் கிடைத்த குறைகளை வைத்து ஆளை எடை போடாதீர்கள் என்று அப்போதே எச்சரித்தார். அப்படி எடை போட ஆரம்பித்தால் ஒருவரை ஒருவர் காப்பாற்ற ‘எல்ஜிடிஎம்’ (பார்த்தேன், சரியாகத்தான் இருக்கிறது) போடுவார்கள். போடுகிறார்கள்.

கடைசியாக, இப்போது புதிதாகக் கிளம்பியிருப்பது: “இனி ஏஐ பார்த்துக்கும்.” ஸ்பேஸ், வேரியபிள் பேர், நல் செக் இதையெல்லாம் அது பார்க்கட்டும். மனிதர்கள் அந்தக் கமென்ட்களை எழுதி நேரம் போக்கியதுதான் ரிவ்யூவின் பேரையே கெடுத்தது. ஆனால் அந்த ஃபேக்டரியின் நாள் எப்போது தொடங்குகிறது என்று யாரும் அதற்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். இன்னொன்று: கோடையே ஏஐ எழுதி, எழுத வைத்தவரும் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு அனுப்பினால், ரிவ்யூவில்தான் முதல்முறையாக ஒரு மனிதர் அதைப் படிக்கிறார். கோட் குவிகிற வேகத்துக்கு ரிவ்யூ இன்னும் அதிகம் தேவைப்படுகிறதே தவிர, குறையவில்லை.

எஸ்டிமேட்டில் கோடிங் இவ்வளவு மணி, டெஸ்டிங் இவ்வளவு மணி என்று போடுகிறோம். ரிவ்யூவுக்கு ஒரு வரி கிடையாது, டைம்ஷீட்டிலும் கிடையாது. கணக்கில் இல்லாத வேலையைத் தூக்கம் கெட்டுச் செய்கிறவர் இரண்டு நிமிடத்துக்கு மேல் எப்படிச் செய்வார்? அடுத்த எஸ்டிமேட்டில் அந்த வரியைச் சேருங்கள். ஏன் என்று க்ளையன்ட் கேட்டால் சி ஷிஃப்ட் கதையைச் சொல்லுங்கள். ஃபேக்டரி நடத்துகிறவருக்கு அது உடனே புரியும்.