பெரியமனுஷியும் பந்து மட்டையும்

"பெண் பிள்ளைக்குப் பந்து மட்டை எதற்கு?" என்று கேட்கின்றவர்கள் நம் மதுரையில் இன்றும் உண்டு. 1934-ம் வருஷத்திலேயே பம்பாய் லீலா ராவ் அம்மையார் விம்பிள்டன் டென்னிஸ் பந்தயத்தில் ஓர் ஆட்டம் ஜெயித்து, அங்கு ஜெயித்த முதல் இந்தியப் பெண் என்று பெயரெடுத்துவிட்டார். இது தெய்வ கடாக்ஷமா, ஜாதக விசேஷமா? இரண்டுமில்லை. அவருடைய தாயார் க்ஷமா ராவ், சாஸ்திரிகள் ஆண்களுக்கென்றே வைத்துக்கொண்டிருந்த சமஸ்கிருதத்தில் நூல்கள் எழுதினவர். தாமும் டென்னிஸ் ஆடினவர். வீட்டில் தடை இல்லை, வசதியும் இருந்தது, காரியம் நடந்தது.

சீமைப் பெண்கள் மாத்திரம் பிறவியிலேயே சுதந்திரமாகவா இருந்தார்கள்? விக்டோரியா ராணி காலத்தில் அவர்களும் கணுக்காலை மூடும் பாவாடையோடும் இடுப்பை இறுக்கும் கச்சோடும்தான் ஆடவேண்டியிருந்தது. 1887-ல் லாட்டி டாட் என்னும் 15 வயதுப் பெண், முந்திய வருஷம் பட்டம் பெற்ற பிளாஞ்ச் பிங்லியை விம்பிள்டனில் 6-2, 6-0 என்று தோற்கடித்தார். பள்ளிச் சிறுமி என்பதால் அவருக்குக் குட்டைப் பாவாடை அனுமதிக்கப்பட்டது. அது அவருக்கு அனுகூலம் என்று பேசினார்கள். அப்படியானால் மற்றப் பெண்களின் ஓட்டத்தைத் தடுத்தது உடம்பா, துணியா? அந்த அம்மையார் 1893-க்குள் ஐந்து தடவை விம்பிள்டன் பட்டம் பெற்றார். பிறகு 1904-ல் கோல்ப் பட்டமும், 1908 ஒலிம்பிக்கில் வில்வித்தைக்கு வெள்ளிப் பதக்கமும் வாங்கினார்.

அங்கே சிறுமி என்பதால் கால் விடுபட்டது. இங்கேயோ சிறுமி 'பெரியமனுஷி' ஆன அன்றே காலுக்கு விலங்கு. பந்தல் போட்டு, ஒலிபெருக்கி கட்டி, தாய்மாமன் சீர் தட்டுத் தட்டாய்த் தெருவில் வருகிறது. சடங்கு முடிந்த மறுநாளே "இனி ஓடாதே, குதிக்காதே" என்ற உத்தரவும் வருகிறது. பெண்ணை வீட்டில் அடைப்பதற்கா இத்தனை மேளதாளம்?

மதுரைக்கு அடுத்த சக்கிமங்கலம் ரேவதி வீரமணி சிறு வயதிலேயே தாய் தகப்பனை இழந்தவர். கூலி வேலை செய்த பாட்டி வளர்த்தார். உறவினர் ஆட்சேபித்தும் பாட்டி தடுக்கவில்லை. வெறுங்காலில் ஓடிப் பழகிய அந்தப் பெண், 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆண்-பெண் கலப்புத் தொடரோட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார். லீலா ராவுக்கு இருந்த வசதி இவருக்கு ஏது? தடுக்காத ஒரு கிழவி இருந்தார், அவ்வளவுதான்.

ஆகவே தாய்மாமன்மார்களுக்கு நாம் சொல்லுவது இதுதான்: சடங்கை நிறுத்துங்கள். சீருக்குச் செலவழிக்கும் பணத்தில் உங்கள் மருமகளுக்கு ஒரு பந்து மட்டையும் ஓடுவதற்கு ஒரு ஜோடி பூட்சும் வாங்கிக் கொடுங்கள். மற்றதை அவள் பார்த்துக்கொள்வாள்.