கையடக்க இரயில்



1856 ஜூலை 1-ஆம் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய தென்னகத்தின் முதல் பயணி இரயில், நம் அம்பத்தூர், ஆவடிப் பகுதிகளைக் கடந்தே சென்றது. இரயிலோசை கேட்டு வளரும் நம் பிள்ளைகள் இரயில் பொம்மையை விரும்புவதில் வியப்பில்லை.

மாதிரி இரயில் அமைப்பதை ஒரு கலையாகவே பேணுவோர் உலகெங்கும் உளர். 1972-இல் ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனம், உண்மை இரயிலின் 220-இல் ஒரு பங்கு அளவில் வண்டிகளை வெளியிட்டது. தண்டவாள இடைவெளி ஆறரை மில்லிமீட்டரே! மின்சாரம் தண்டவாளத்தின் வழியே செல்வதால், சிறு தூசி படிந்தாலும் வண்டி நின்றுவிடும். சிறியவற்றில் உண்மையாயிருக்கக் கற்பித்த ஆண்டவரின் பாடம் இங்கே விரல்களுக்குப் புரிகிறது.

விலை மிகுந்த இவ்வண்டிகளை வாங்க இயலாதோர் வருந்த வேண்டாம். அட்டையும் பசையும் அளவுகோலும் போதும். ஒரு மீட்டரை நாலரை மில்லிமீட்டராகக் கொள்ளுங்கள். பெரம்பூர்த் தொழிற்சாலை உருவாக்கிய 21 மீட்டர் நீளப் பெட்டி, பத்து சென்டிமீட்டருக்குள் அடங்கும். நிலையத்தில் நிற்கும் பெட்டியின் சன்னல்களைப் பிள்ளையே எண்ணி வரட்டும்.

அத்தொழிற்சாலை தொடங்கிய 1955-ஆம் ஆண்டிலேயே, பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் மே முதல் நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளாக ஏற்படுத்தினார். நாள் முழுதும் ஆலையில் இயந்திரத்தோடு உழைக்கும் தந்தையின் கைத்திறனைப் பிள்ளைகள் பெரும்பாலும் கண்டதேயில்லை. அவர் களைத்து உறங்குவதையே காண்கின்றனர். தந்தையரே, வாரத்தில் ஒரு மாலையை அவர்களுக்குக் கொடுங்கள். அட்டை வண்டி ஒருநாள் கிழிந்து போகும். அருகமர்ந்து கற்பித்த தந்தையைப் பிள்ளை மறவாது. நாசரேத்துத் தச்சுப்பட்டறை நம் இல்லங்களிலும் திறக்கட்டும்.