ஆமைக்கு முன்னால் மண்டியிட்டவர்

1994-ல் நான் ஒரு போட்டோ போட்டியில் பரிசு வாங்கியிருக்கிறேன். சிரிக்காதீர்கள். இரண்டாம் பரிசு. மூன்றடுக்கு எவர்சில்வர் டிபன் கேரியர். ஆபீஸ் ரெக்ரியேஷன் கிளப் நடத்திய போட்டி. மொத்தம் கலந்துகொண்டது நாலே பேர் என்ற விவரம் இங்கே அவசியமில்லை.

படத்தில் இருந்தது எங்கள் தெருமுனையில் கீரை விற்ற பாட்டி. மச்சினனிடம் இரவல் வாங்கிய கேமரா. ஒரு கல்யாண ரோலில் மிச்சம் கிடந்த மூணு ஃபிலிம். காலை ஏழு மணி வெயில் பாட்டியின் முகச் சுருக்கங்களில் பக்கவாட்டில் விழுந்துகொண்டிருந்தது. எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த கலைஞன் எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

"இன்னா சாமி, என்னப் போயி புடிக்கிறே? வூட்ல கொயந்த இல்ல?" என்றாள் பாட்டி. மூன்றையும் அடித்து முடித்த பிறகு மெதுவாகக் கேட்டாள்: "எனக்கு ஒண்ணு குடுப்பியா? நம்ம மூஞ்சி போட்டாவுல எப்டி இருக்கும்னே தெரியாது சாமி."

"கண்டிப்பா பாட்டி" என்றேன்.

கொடுக்கவில்லை. ஒரு பிரிண்டுக்கு நாலு ரூபாய். நாளைக்கு, அடுத்த வாரம், சம்பளம் வரட்டும் என்று தள்ளிக்கொண்டே போய், கடைசியில் வீட்டையே மாற்றிக்கொண்டு வேறு ஏரியாவுக்குப் போய்விட்டோம். டிபன் கேரியர் மட்டும் இன்னும் இருக்கிறது. சனிக்கிழமைகளில் அதில்தான் எனக்குத் தயிர்சாதம்.

இந்தப் பழைய பாவத்தைக் கிளறிவிட்டது ஒரு புத்தகம். போன வாரம் நண்பர் வீட்டில் பார்த்தேன். மடியில் வைத்தால் கால் மரத்துப்போகும் கனம். பக்கத்துக்குப் பக்கம் கறுப்பு வெள்ளைப் படங்கள். எடுத்தவர் செபஸ்தியோ சல்காடோ. பிரேசில்காரர். 2025 மே 23-ந் தேதி பாரிஸில் தன் 81-வது வயதில் காலமானார்.

இவரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல முக்கியமான காரணம், மனுஷன் நம்ம ஜாதி. அதாவது ஆபீஸ் ஜாதி. பொருளாதாரம் படித்தவர். பிரேசிலில் ராணுவ ஆட்சி நடந்தபோது அதை எதிர்த்த கோஷ்டியில் இருந்ததால் 1969-ல் மனைவி லெலியாவோடு பாரிஸுக்குக் கிளம்ப வேண்டி வந்தது. அப்புறம் லண்டனில் சர்வதேச காபி அமைப்பில் உத்தியோகம். காபிக்கென்று உலக அளவில் ஒரு ஆபீஸ் இருப்பதே நமக்கெல்லாம் செய்திதான். கும்பகோணத்துக்காரர் யாராவது அதில் இருக்கிறார்களா என்று விசாரிக்க வேண்டும்.

லெலியா கட்டடக்கலை படித்தவர். கட்டடங்களைப் படம் எடுப்பதற்காக ஒரு பென்டாக்ஸ் கேமரா வாங்கினார். அதைக் கணவர் எடுத்துப் பார்த்தார். அவ்வளவுதான், திருப்பிக் கொடுக்கவே இல்லை. வேலை விஷயமாக ஆப்பிரிக்காவுக்குப் போகும்போதெல்லாம் கேமராவும் கூடப் போயிற்று. திரும்பி வந்து ரிப்போர்ட் எழுத உட்கார்ந்தால் மனசு நெகடிவ்களிலேயே இருந்தது. 1973-ல் வேலையை விட்டுவிட்டார். மனைவியின் பொருளில் கைவைத்து உருப்பட்ட ஆண்கள் உலக சரித்திரத்தில் ரொம்பக் குறைவு. உடனே நீங்களும் ராஜினாமா எழுதிவிடாதீர்கள். அவருக்கு லெலியா இருந்தார். படங்களைத் தேர்ந்தெடுப்பது, புத்தகமாக வடிவமைப்பது, கண்காட்சி நடத்துவது எல்லாம் கடைசிவரை அந்த அம்மாள்தான்.

1981-ல் ஒரு விநோதம். அமெரிக்க ஜனாதிபதி ரீகனின் ஆரம்ப நாட்களைப் படம் எடுக்க சல்காடோ வாஷிங்டனில் இருந்தார். மார்ச் 30-ந் தேதி ஓட்டல் வாசலில் ரீகனை ஒருவன் சுட்டான். சல்காடோ அங்கேயே நின்றுகொண்டிருந்தார். மளமளவென்று 76 படம். நல்ல விலைக்குப் போயிற்று. வேறு யாராக இருந்தாலும் ஆயுசுக்கும் "ரீகனைச் சுட்டபோது நான்..." என்று ஆரம்பித்துக் கதை சொல்லியே காலத்தை ஓட்டியிருப்பார்கள். இவர் அந்தக் காசை எடுத்துக்கொண்டு தன் சொந்த வேலைக்காக ஆப்பிரிக்காவுக்குப் போனார்.

1984, 85-ல் சஹாராவுக்குத் தெற்கே, எத்தியோப்பியா, சூடான், சாட், மாலி என்று நீளும் சாஹேல் பிரதேசத்தில் கொடும் பஞ்சம். 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' என்ற பிரெஞ்சு அமைப்பின் டாக்டர்கள் முகாம் போட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சல்காடோ அவர்களோடு சேர்ந்துகொண்டார். மற்ற போட்டோகிராபர்கள் பிளேனில் வந்து இறங்கி, நாலு எலும்புக்கூட்டுக் குழந்தையை எடுத்துக்கொண்டு, ராத்திரிக்குள் ஓட்டலுக்குத் திரும்பிவிடுவார்கள். இவர் மாதக்கணக்கில் அங்கேயே கிடந்தார். 1986-ல் அந்தப் படங்கள் பிரெஞ்சில் புத்தகமாக வந்தன. அந்த மருத்துவர்களுக்கு நிதி சேர்ப்பதற்காகவே போட்ட புத்தகம். அமெரிக்கப் பதிப்பு வர 2004 ஆகிவிட்டது. சாப்பாட்டு மேஜைப் பக்கத்தில் வைக்கிற மாதிரிப் படங்கள் இல்லை அவை.

இவர் படம் எடுக்கிற விதத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம்மூர் ஸ்டூடியோ அண்ணன்கள் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம், "சூரியன் உங்க முதுகுப் பக்கம் இருக்கணும் சார்." சல்காடோ நேர் எதிர். வெளிச்சத்தைப் பார்த்து நின்றுதான் எடுப்பார். காரணம் கேட்டதற்கு அவர் சொன்னது சுவாரஸ்யம். சின்ன வயதில் வெயில் ஆகாத சருமமாம் அவருக்கு. எப்போதும் தொப்பிக்கு அடியில் அல்லது மர நிழலில்தான் இருப்பாராம். அங்கிருந்து பார்த்தால் அப்பா எப்போதும் சூரியனைப் பின்னால் வைத்துக்கொண்டு தன்னை நோக்கி நடந்து வருவாராம். அந்தப் பார்வை அப்படியே தங்கிவிட்டது. கலரை விட்டதற்கும் ஒரு காரணம் உண்டு. கலர் ஃபிலிமில் எடுத்தால் ஒரு நல்ல சிவப்பு, ஒரு நல்ல நீலம் கண்ணை இழுத்துக்கொள்கிறது. எதிரே இருக்கிற ஆள் இரண்டாம் பட்சமாகிவிடுகிறார் என்பது அவர் கட்சி.

பாட்டியை நான் எடுத்தது கலரில். பார்த்த நாலு பேரும் கீரையின் பச்சையைத்தான் பாராட்டினார்கள்.

1986-ல் பிரேசிலின் செர்ரா பெலாடா தங்கச் சுரங்கம். சுரங்கம் என்றால் மெஷின் கிடையாது. பெரிய பள்ளம். அதற்குள் ஆயிரக்கணக்கான மனிதர்கள், எறும்புப் புற்று மாதிரி, சேற்று மூட்டையை முதுகில் கட்டிக்கொண்டு ஏணியில் ஏறுகிறார்கள். ராஜா காலத்துக் கோட்டை கட்டுமானத்தைப் பார்ப்பது போல இருக்கும். நம்ம நாட்டுக்கும் வந்திருக்கிறார். 1995-ல் பம்பாய் சர்ச்கேட் ஸ்டேஷன். இரண்டு பக்கமும் ரயில் நிற்கிறது. ஷட்டரை மெதுவாக விட்டதில், நடுவே பிளாட்பாரத்தில் போகிற கூட்டம் முகமே இல்லாமல் புகை மாதிரி ஓடுகிறது. அதைப் பார்த்ததும், அந்தப் புகையில் டிபன் டப்பாவோடு நானும் எங்கேயோ இருக்கிறேன் என்று தோன்றிவிட்டது. காலையில் எட்டே முக்கால் வண்டியைப் பிடிக்கிற யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

இனிமேல்தான் வில்லங்கம். இவ்வளவு கஷ்டத்தை இவ்வளவு அழகாக எடுக்கலாமா?

1991-லேயே நியூயார்க்கர் பத்திரிகையில் ஒரு விமர்சகர் இவரைப் பிடிபிடி என்று பிடித்தார். பார்க்கிறவன் துயரத்தை விட்டுவிட்டு அழகை ரசித்துக்கொண்டு போய்விடுகிறான் என்பது குற்றச்சாட்டு. 2003-ல் எழுத்தாளர் சூசன் சொன்டாக் இன்னும் சரியான இடத்தில் கை வைத்தார். படத்துக்குக் கீழே ஊர் பெயர் இருக்கிறது, நாட்டின் பெயர் இருக்கிறது; அந்த ஆளின் பெயர் எங்கே? பிரமுகர்களைப் படம் எடுத்தால் பெயர் போடுகிறோம். ஏழை என்றால் வெறும் 'அகதி', 'தொழிலாளி'. சல்காடோவின் பதில், ஏழைகளின் உலகம் மட்டும் ஏன் அவலட்சணமாகத் தெரிய வேண்டும், அங்கே விழுவதும் இதே வெளிச்சம்தானே என்பது.

அழகு விஷயத்தில் என் ஓட்டு சல்காடோவுக்கு. பெயர் விஷயத்தில் சொன்டாக் சொல்வதுதான் நியாயம். (கீரைக்காரப் பாட்டியின் பெயர் எனக்கும் தெரியாது. போட்டிக்கு நான் கொடுத்த தலைப்பு 'முதுமை'.)

1994-ல் ருவாண்டா. இனப்படுகொலை. அதையும் அகதிகள் சாலையோரத்தில் கும்பல் கும்பலாகச் செத்ததையும் பார்த்துவிட்டு வந்தவருக்கு உடம்பு போயிற்று. டாக்டரிடம் போனார். எல்லா டெஸ்டும் எடுத்துப் பார்த்த டாக்டர், உறுப்பில் கோளாறு இல்லை, இவ்வளவு சாவைப் பார்த்ததில் நீயே செத்துக்கொண்டிருக்கிறாய், நிறுத்து என்றாராம். கேமராவை வைத்துவிட்டுப் பிரேசிலுக்குத் திரும்பினார்.

அங்கே அய்மோரெஸ் என்ற ஊரில் அப்பாவின் பண்ணை. ஏறத்தாழ 1,700 ஏக்கர். இவர் பையனாக இருந்தபோது பாதிக்கு மேல் காடு. இப்போது பார்த்தால் நூற்றில் அரைப் பங்குகூட மரமில்லை. மாடு மேய்ந்து மேய்ந்து மொட்டைக் குன்று. ஓடை வற்றிவிட்டது. இவர் திகைத்து நிற்க, லெலியாதான் சொன்னார், பழையபடி காடு வைத்துவிடுவோம் என்று. ஏதோ கொல்லையில் நாலு முருங்கை வைக்கிற மாதிரி! 1998-ல் 'இன்ஸ்டிட்யூட்டோ டெர்ரா' என்ற அமைப்பை ஆரம்பித்து, நிலத்தை அதற்கே கொடுத்துவிட்டார்கள். இன்றைக்கு 20 லட்சத்துக்கும் மேல் மரம். அதுவும் அந்த மண்ணுக்கே உரிய ஜாதி மரங்கள். ஊற்றுகள் திரும்பி வந்தன, பறவைகள் வந்தன. 2022-ல் நியூயார்க்கில் சோத்பிஸ் கம்பெனி மூலம் அவருடைய 50 பெரிய பிரிண்ட்கள் விற்பனைக்கு வந்தபோது, அந்தப் பணமும் காட்டுக்குத்தான் என்று எழுதிக் கொடுத்தார்.

இதிலும் ஒரு கறை உண்டு. அவருடைய பிற்காலக் கண்காட்சிக்கு வாலே என்ற சுரங்கக் கம்பெனி ஸ்பான்சர். பூமியைத் தோண்டுகிறவனிடம் காசு வாங்கிப் பூமியின் அழகைக் காட்டுவதா என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். மரம் அதைப் பற்றிக் கவலைப்படாமல் வளர்ந்துகொண்டிருக்கிறது என்பதும் நிஜம்.

காடு தளிர்க்கத் தொடங்கியதும் அவர் மறுபடி கேமராவைத் தொட்டார். 2004-ல் ஆரம்பித்து எட்டு வருஷம், மனிதன் இன்னும் கெடுக்காத இடங்களாகத் தேடிப் போய் எடுத்தார். 'ஜெனிசிஸ்' என்று அதற்குப் பெயர். முதல் பயணம் கலாபகோஸ் தீவு. முதல் மாடல், ராட்சச ஆமை. இவர் கிட்டே போனால் ஆமை விலகிப் போகிறது. மறுபடி போனால் மறுபடி விலகல். ஆமை வேகத்தில்தான், ஆனாலும் விலகல் விலகல்தானே. அப்போது யோசித்தாராம்: மனிதர்களை எடுக்கப் போனால் நான் யார், எதற்கு வந்தேன் என்று முதலில் சொல்கிறோமே, இதற்கு ஏன் சொல்லவில்லை? உடனே அறுபது வயசு மனிதர் முழங்காலும் உள்ளங்கையும் தரையில் ஊன்றி, ஆமை உயரத்துக்கு இறங்கித் தவழ ஆரம்பித்தார். ஆமை நின்றது. பிறகு இவரை நோக்கி வந்தது. அது வர, இவர் பின்னால் நகர்ந்தார். இடம் உன்னுடையது என்று சொல்கிற மாதிரி. ஒரு ஆமையோடு ஒரு நாள் முழுக்கப் போயிற்று.

நம்ம கையில் இப்போது செல்போன். ஓட்டலில் தோசை வந்தால் எட்டு போட்டோ. விபத்தில் அடிபட்டவனுக்கு முதலில் எட்டு போட்டோ, அப்புறம்தான் தண்ணீர். சல்காடோவும் 2008-ல் டிஜிட்டலுக்கு மாறினார். ஏர்போர்ட் எக்ஸ்ரேக்களில் ஃபிலிம் பாழானதுதான் காரணம். ஆனால் கம்ப்யூட்டர் திரையில் பார்த்துப் படம் பொறுக்க அவருக்கு வரவில்லை. டிஜிட்டலில் எடுத்ததையும் பழைய மாதிரி சின்னச் சின்னதாகக் காகிதத்தில் பிரிண்ட் போடச் சொல்லி, லென்ஸை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் குனிந்து பார்ப்பார்.

புத்தகத்தை நண்பரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்த அன்று ராத்திரி பரண் ஏறினேன். "இந்த வயசுல ஏணி எதுக்கு?" என்று கீழேயிருந்து சம்சாரம். பழைய ஷூ டப்பாவில் கல்யாண நெகடிவ்களோடு அதுவும் இருந்தது. மூன்று ஃபிரேம். ஒன்றில் ஃபங்கஸ். மற்ற இரண்டும் தேவலை.

பாட்டி இருக்க வாய்ப்பில்லை. ஆனால் அந்தத் தெருமுனையில் அவள் உட்கார்ந்த இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு டீக்கடை இருந்தது. அங்கே விசாரித்தால் மகள், பேரன் என்று யாராவது அகப்படலாம். பெயரையாவது சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை போவதாக இருக்கிறேன்.

நெகடிவ்வில் பிரிண்ட் போடுகிற ஸ்டூடியோவைக் கண்டுபிடிக்கவே இரண்டு நாள் அலைந்தேன். கடைக்காரர் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "உங்க பாட்டியா சார்? எத்தனை காப்பி?" என்றார்.

"ரெண்டு" என்றேன்.