சாமி நம்பிக்கை இல்லாதவர் எதைப் பிடித்துக்கொள்வது?

குடியை விட நினைத்து 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' கூட்டத்துக்குப் போகிறவர், ஆரம்பத்திலேயே கேட்கும் யோசனை ஒன்று உண்டு. 'உன்னைவிடப் பெரிய சக்தி ஒன்றை நம்பு' என்பதுதான் அது. பக்தி உள்ளவருக்குச் சிக்கல் இல்லை. இல்லாதவரோ, 'இது நமக்குச் சரிப்படாது' என்று எழுந்து போய்விடக்கூடும். போகிற வழியில் கடை திறந்தே இருக்கும்!

இந்தச் சிக்கல் புதிதல்ல. 1935-ல் அமெரிக்காவின் ஆக்ரான் நகரில், பில் வில்சன், டாக்டர் பாப் ஸ்மித் என்ற இரு குடிநோயாளிகளின் சந்திப்பில் பிறந்தது இந்த அமைப்பு. 1938-ல் நியூயார்க் குழுவில் சேர்ந்த ஜிம் பர்வெல் என்ற விற்பனையாளர், கடவுள் பேச்சை எடுத்தாலே சண்டைக்கு நிற்பார். அமைப்பின் பன்னிரண்டு படிகள் எழுதப்பட்டபோது, அவரைப் போன்றவர்கள் விடாமல் வாதாடினார்கள். அதனால்தான், கடவுள் என்பதை அவரவர் புரிந்துகொண்டபடி எடுத்துக்கொள்ளலாம் என்ற சலுகை கிடைத்தது.

சரி, ஜிம் எதைப் பிடித்துக்கொண்டார்? குழுவைத்தான்! இடையில் மறுபடியும் குடித்துவிட்டு, அதே நண்பர்களிடம் திரும்பி வந்தார். அதன்பின் வெகுகாலம், தன்னைவிடப் பெரியதென்று அவரால் ஒப்புக்கொள்ள முடிந்தது அந்தக் குழுவின் பலத்தை மட்டுமே.

யோசித்துப் பார்த்தால், இதன் சாரம் எளிமையானது. 'நானே சமாளித்துக்கொள்வேன்' என்று பலமுறை சத்தியம் செய்து தோற்றவர், 'தனியாக என்னால் முடியவில்லை' என்று ஒப்புக்கொள்கிறார். கை நடுங்கும் மாலை நேரத்தில் போன் செய்தால் எடுக்க ஓர் ஆள் இருக்கிறார். அதே நடுக்கத்தைக் கடந்து வந்தவர் அவர். அந்தத் துணை, தனிமனித வைராக்கியத்தைவிடப் பெரியது.

இதற்கு ஆதாரமும் உண்டு. 27 ஆய்வுகளை அலசிய காக்ரேன் அறிக்கை 2020-ல் வெளியானது. குடியை அடியோடு விடுவதில், பன்னிரண்டு படிகளை ஒட்டிய சிகிச்சை மற்ற முறைகளைவிடக் கூடுதலாகக் கைகொடுப்பதாக அது சொன்னது. குடிக்காத நண்பர்கள் வட்டம் கிடைப்பதும் இதற்கு ஒரு முக்கியக் காரணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

வீட்டில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது இதுதான். 'சாமி கும்பிட்டால்தான் திருந்துவாய்' என்று அவரோடு மல்லுக்கட்ட வேண்டாம். அவர் கோயிலுக்குப் போகிறாரா என்பதைவிட, அடுத்த கூட்டத்துக்குப் போகிறாரா என்பதே முக்கியம். உங்கள் மனபாரத்தை இறக்கிவைக்க, குடும்பத்தினருக்கென்றே 'அல்-அனான்' கூட்டங்களும் இருக்கின்றன.

ஓர் எச்சரிக்கை: தினமும் அதிகமாகக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் டாக்டரைப் பாருங்கள். உடம்புக்கு மருந்து, மனசுக்கு மனிதர்கள். இரண்டும் சேர்ந்தால் நாத்திகருக்கும் வழி திறக்கும்!