பெரியம்மாவின் முட்டி

லாபுவில் இருக்கும் என் பெரியம்மா முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர். தாழ்ந்த வெட்டுக்குக் குந்தி, எழுந்து, அடுத்த மரத்தில் மறுபடி குந்தியே தேய்ந்த முட்டி. அதை மாற்றி 16 வருடமாகிறது. முதல் இரண்டு வருடம் டாக்டரிடம் ஒழுங்காகப் போனார். பிறகு, "வலியே இல்லையே, எதுக்கு வீணா கார் காசு?" என்று நிறுத்திவிட்டார். நாங்களும் வற்புறுத்தவில்லை.

போன மாதம் அவர் கால் வளைந்து நடப்பதைப் பார்த்துவிட்டு சிரம்பானுக்கு அழைத்துப் போனேன். எக்ஸ்ரே பார்த்த டாக்டர், "உலோகம் நல்லாத்தான் இருக்கு. அதைத் தாங்குற எலும்புதான் கரைஞ்சிருக்கு" என்றார்.

செயற்கை முட்டியில் இரண்டு உலோகங்களுக்கு நடுவே பிளாஸ்டிக் இருக்கிறது. நடக்க நடக்க அதிலிருந்து கண்ணுக்குத் தெரியாத துகள்கள் உதிரும். அவற்றை விழுங்கும் பாதுகாப்பு அணுக்களால் அவற்றைச் செரிக்க முடியாது. அந்தப் போராட்டத்தில், எலும்பைக் கரைக்கும் அணுக்கள் தூண்டப்படுகின்றன. பல வருடம் வலி தெரியாமலே இது நடக்கலாம். எக்ஸ்ரே காட்டிக்கொடுக்கும். "வலியில்லை" என்று பெரியம்மா வீட்டில் இருந்த வருடங்களில் நடந்தது இதுதான்.

"பழசைக் கழற்றிப் புதுசு போட முடியாதா டாக்டர்?" என்றேன். சுவரை வைத்துத்தானே சித்திரம் என்றார் அவர்.

முதலில் ரத்தத்தையும் முட்டி நீரையும் சோதித்து, கிருமித் தொற்று இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். பிறகு பள்ளத்தின் அளவுதான் வழியைச் சொல்லும். சில மில்லிமீட்டர் என்றால் எலும்புச் சிமெண்ட் போதும். அதைவிடப் பெரிது என்றால் உலோகக் கட்டைகளை வைத்து நிரப்புவார்கள். எலும்பின் உள்பக்கமே குடைந்துபோயிருந்தால், டான்டலம் என்ற உலோகத்தில் செய்த, பஞ்சுபோல் துளைகள் உள்ள கூம்பை இறக்குவார்கள். அந்தத் துளைகளுக்குள் சொந்த எலும்பு வளர்ந்து பிடித்துக்கொள்ளும். சிலருக்குத் தானமாகக் கிடைத்த எலும்பு வைப்பதுண்டு.

கிளந்தான், குபாங் கெரியானில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் திசு வங்கி இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். வானொலியில் ரத்த தானத்துக்கு எத்தனையோ முறை அழைப்பு விடுத்திருக்கிறேன். எலும்பையும் தரலாம் என்று ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

அறுவைக்கு நாள் குறித்தாயிற்று. எக்ஸ்ரேயில் தெரிவதைவிடப் பள்ளம் பெரிதாக இருக்கக்கூடும், பழைய முட்டியைக் கழற்றினால்தான் முழு அளவு தெரியும் என்பதால், எல்லா வகைச் சாமானையும் தயாராக வைத்திருப்பார்களாம்.

அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்கா நலம் விசாரிக்க வந்தார். அவரும் முட்டி மாற்றியவர்தான். பெரியம்மா அவரை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"உனக்குக் கடைசியா எப்ப படம் எடுத்தாங்க?"

அக்கா விரல் விட்டு எண்ணத் தொடங்கினார்.